எதிர்ப்பு சக்தி ஊசி

எங்க வீட்டுக்காரரு ரிடையர் ஆன பஸ் கண்டக்டரு. வேலையில இருந்த காலம் பூரா கூட்டத்துல கத்திக் கத்தியே பேசினவரு. அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரே ஒரு வார்த்தையை மட்டும் வாயைத் தொறந்து சொல்ல மாட்டாரு. கேன்சர். நுரையீரல்ல கட்டின்னு சென்னையில சொன்ன நாள்லேர்ந்து, ஊர்ல யாரு கேட்டாலும் "சளிதான், கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு"ன்னுதான் பதில். திருவண்ணாமலை செங்கம் ரோட்டுல, ஆசிரமத்துக்குப் பக்கத்துத் தெருவுல எங்க வீடு. மாடியில ரெண்டு ரூமை வர்றவங்க போறவங்களுக்கு வாடகைக்கு விடறோம். "ஓனருக்குக் கேன்சர்னு தெரிஞ்சா எவன் வந்து தங்குவான்?"னு என்கிட்ட மட்டும் ஒரு தரம் குசுகுசுன்னு சொன்னாரு. எனக்கு வாதாடத் தெம்பில்ல. சரி, சளின்னே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

மொதல்ல கீமோ குடுத்தாங்க. முடி கொட்டி, வாயெல்லாம் வெந்து, சோத்தைப் பாத்தாலே குமட்டி, ஆளு பாதியாயிட்டாரு. கட்டி மட்டும் கல்லு மாதிரி அப்பிடியே இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் சென்னை ஆஸ்பத்திரி டாக்டரம்மா மருந்தை மாத்தினாங்க. இம்யூனோதெரபின்னாங்க. மூணு வாரத்துக்கு ஒருக்கா ட்ரிப்ஸ்ல ஏத்தறது. அங்க இருந்த நர்ஸ் பொண்ணு, பாவம், எங்களுக்குப் புரியட்டுமேன்னு, "இது கீமோ இல்லங்க ஐயா. உங்க ஒடம்புல தூங்கிட்டு இருக்கற எதிர்ப்பு சக்தியைத் தட்டி எழுப்பற ஊசி. அது போயி கட்டியைத் தாக்கும்"னு சொல்லிச்சு. அவ்ளோதான். அந்த வார்த்தையை இவரு கெட்டியாப் புடிச்சுக்கிட்டாரு. எதிர்ப்பு சக்தி ஊசி.

கொரோனா வந்துட்டுப் போனதுலேர்ந்து நம்ம ஜனத்துக்கு அந்த வார்த்தை மேல ஒரு மயக்கம். கஷாயத்துல எதிர்ப்பு சக்தி, சத்துமாவுல எதிர்ப்பு சக்தி, டிவியைப் போட்டா பிஸ்கட்டுலயும் எதிர்ப்பு சக்தி. அதனால இவருக்கு வசதியாப் போச்சு. "எங்க போயிட்டு வர்றீங்க?"ன்னு யாராவது கேட்டா, "சென்னைக்கு. எதிர்ப்பு சக்தி ஊசி போட்டுக்க"ன்னு கூசாமச் சொல்லுவாரு. டீக்கடையில ஒருத்தரு, அது எனக்கும் கெடைக்குமான்னு கேட்டாராம். அதை வந்து என்கிட்ட சொல்லி விழுந்து விழுந்து சிரிச்சாரு. அவரு சிரிச்சே ரொம்ப நாளாயிருந்துச்சு. நானும் சிரிச்சேன்.

ஊசி நல்லாத்தான் வேலை செஞ்சுது, பொய் சொல்லக் கூடாது. ஸ்கேன்ல கட்டி பாதியா சுருங்கியிருந்துச்சு. சாப்பாடு எறங்குச்சு. முடி கூட மொளைச்சுது. ஆனா அந்தப் பயணம் இருக்கே, அப்பப்பா. இருட்டு கலையறதுக்குள்ள பஸ் ஏறி, கீழ்பென்னாத்தூர், செஞ்சி, திண்டிவனம்னு குலுங்கிக் குலுங்கிப் போயி, ரத்தப் பரிசோதனைக்கு ஒரு க்யூ, டாக்டருக்கு ஒரு க்யூ, ஊசிக்கு ஒரு க்யூ. அந்த இரும்பு நாற்காலியில உக்காந்து உக்காந்து எனக்கு இடுப்பு இடுப்பாவே இல்ல. திரும்பி வந்தா மாடி ரூம் பெட்ஷீட்டு குமிஞ்சு கெடக்கும். ஒரு நாள் குழாயடியில துணியை அலசிக்கிட்டே தூங்கிட்டேன். சாமி சத்தியமா, உக்காந்தபடியே தூங்கிட்டேன்.

கார்த்திகை பொறந்த சமயம். தீபத்துக்கு ரூம் கேட்டு போன் மேல போன். அப்பதான் அவருக்கு நெஞ்சுல வலி வந்துச்சு. மூச்சை இழுத்து விட்டா குத்துதுன்னாரு. நான் மாடியில ரூம் கழுவிக்கிட்டு இருந்த நேரம், என்கிட்ட சொல்லாமலே பஜார் பக்கம் ஒரு டாக்டரைப் போயி பாத்துட்டு வந்துட்டாரு.

"என்ன சொன்னாரு?"

"வாயுவாம். மாத்திரை குடுத்திருக்காரு."

"நெஞ்சுல கட்டி இருக்கறதை சொன்னீங்களா?"

"சளின்னு சொன்னேன்."

"நம்ம ஊசியை?"

"சொல்லாம இருப்பனா? எதிர்ப்பு சக்தி ஊசி போட்டுக்கறேன்னு தெளிவாச் சொன்னேன். அதெல்லாம் எதுக்குங்க, பழம் காய்கறி சாப்பிட்டாலே எதிர்ப்பு சக்தி தானா வரும்னாரு. நல்ல மனுஷன்."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "கேன்சர்னு சொன்னா உங்க நாக்கு அழுகிடுமா?"ன்னு கத்தினேன். மாடியில ஆளு இருக்குன்னு கையைக் காட்டினாரு. அந்த டாக்டரைச் சொல்லி என்ன ஆவப்போவுது? இவரு சொன்னதைக் கேட்டா யாரா இருந்தாலும் சத்து ஊசின்னுதான் நெனைப்பாங்க. சென்னைக்குப் போன் பண்றேன்னேன். "அடுத்த வாரம் எப்பிடியும் போறமே, அப்ப கேட்டுக்கலாம். நீ வேற, இதுக்கெல்லாம் போயி"ன்னு மடக்கிட்டாரு.

மாத்திரையில ஒண்ணும் கேக்கல. மல்லாக்கப் படுக்க முடியல. படுத்தா வலி, எழுந்து உக்காந்தா தேவலன்னாரு. கடைசியில வராண்டாவுல நாற்காலியைப் போட்டு, முன்னாடி ஒரு ஸ்டூலு, அது மேல தலகாணி, அந்தத் தலகாணியைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, கண்ணை மூடி, மலையைப் பாத்த மாதிரி கவுந்தே கெடப்பாரு. மாடியில தங்கியிருந்த வெள்ளைக்காரம்மா காலையில எறங்கி வரும்போதெல்லாம் அவரைப் பாத்து ஒரு கும்பிடு போடும். ஒரு நாள் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "சார் தியானம், ரொம்ப டீப்"புன்னுச்சு. ஆமா தாயி, ரொம்ப டீப்புன்னேன். வேற என்னத்த சொல்றது?

அதுக்குள்ள கீழ்பென்னாத்தூர்லேர்ந்து என் நாத்தனார் வந்துட்டா. அவரு கூடப் பொறந்த ஒரே தங்கச்சி. அண்ணனுக்கு என்ன வியாதின்னு அவளுக்குத் தெரியும், ஆனா அவளும் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டா. குடும்பமே அப்பிடி. வந்ததும் வராததுமா ஒரு டப்பா கஷாயப் பொடியைப் பிரிச்சா. சீந்தில், மொளகு, அது இதுன்னு இடிச்சுக் கொண்டாந்திருந்தா.

"இன்னா அண்ணி, அண்ணா இப்பிடி எளைச்சிக்கினு போறாரு? ஊசி போட்டும் எதிர்ப்பு சக்தி கம்மியாவே இருக்குது போல. ரெண்டு வேளை இதைக் காய்ச்சிக் குடு. ஜாஸ்தியாவும்."

காய்ச்சிக் குடுத்தா. அவரும் மடக்கு மடக்குன்னு குடிச்சாரு. தங்கச்சி கையால குடிச்சதுல மனசுக்கு ஒரு தெம்பு வந்துச்சோ என்னமோ, "வாங்க, கோயிலுக்குப் போயிட்டு வரலாம்"னு அவரே கெளம்பினாரு. தீபக் கூட்டம் வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடலாம்னு மூணு பேரும் ஆட்டோ புடிச்சுப் போனோம்.

கொடிமரத்துகிட்ட மண்டி போட்டு, நெத்தியைத் தரையில வெச்சாரு. வெச்சவரு எழுந்திருக்கவே இல்ல. நான் கும்பிட்டு முடிச்சு எழுந்துட்டேன், நாத்தனாரும் எழுந்துட்டா, இவரு அப்பிடியே கெடக்காரு. பின்னாடி வந்தவங்க சுத்திக்கிட்டுப் போறாங்க. ஒரு அம்மா கன்னத்துல போட்டுக்கிட்டு, "எப்பேர்ப்பட்ட பக்தி பாருங்க"ன்னாங்க. நாத்தனாருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நான் குனிஞ்சு தோளைத் தட்டினேன்.

"ஏங்க, போதும், எழுந்திரிங்க. கூட்டம் வருது."

"கொஞ்சம் உடு. இப்பிடி இருந்தா வலி கம்மியா இருக்கு."

வாயு இருக்கற மனுஷன் குப்புறக் கவுந்து கெடந்தா சரியாவுமா? வாயுன்னா உருண்டு பொரண்டு எப்பிடியும் குத்துமே. அங்கயே ஒரு ஓரமாப் போயி நின்னு, சென்னை ஆஸ்பத்திரி நர்ஸ் பொண்ணுக்குப் போன் போட்டேன். சொன்னேன். அது ஒண்ணொண்ணாக் கேட்டுச்சு. படுத்தா ஜாஸ்தியாவுதா? ஆமா. முன்னாடி குனிஞ்சா கம்மியாவுதா? ஆமா. மூச்சு வாங்குதா? ஆமா, நாலு படி ஏறினாலே. அங்க யாரையாவது பாத்தீங்களாம்மா? பாத்தாரு, வாயுன்னாங்க. நம்ம மருந்தைப் பத்தி சொன்னீங்களா? எதிர்ப்பு சக்தி ஊசின்னு சொல்லியிருக்காரும்மா.

"ஐயோ அம்மா, அது உங்களுக்குப் புரியறதுக்காக நான் சொன்னதும்மா. டாக்டருங்ககிட்ட இம்யூனோதெரபின்னு சொல்லணும். அந்த மருந்து சில பேருக்கு ஹார்ட்டோட உறையைக் கூடத் தாக்கும். இப்பவே எங்கயாவது எக்கோ எடுங்க. வீட்டுக்குப் போகாதீங்க"ன்னுச்சு. அந்தக் கடைசி வார்த்தையை ரெண்டு தரம் சொல்லிச்சு. அதைக் கேட்டுதான் நான் பயந்தேன்.

கோயில்லேர்ந்து நேரா வேங்கிக்கால் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டருக்கு ஓடினோம். எக்கோ எடுக்க மல்லாக்கப் படுக்கணுமே. பாதி சாய்ச்சு வெச்சாங்க, பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்தாரு. எடுத்த டாக்டரு என்னை மட்டும் உள்ள கூப்பிட்டு, "ஹார்ட்டைச் சுத்தி நீர் கோத்திருக்கும்மா. ஹார்ட் விரியறதுக்கு எடம் கம்மியாயிட்டே வருது. லேட் பண்ணாதீங்க"ன்னாரு. வெளிய வந்து நாத்தனார்கிட்ட சொன்னேன். "நீர் கோத்துக்கிச்சா? கார்த்திகைக் குளிர்ல தலைக்கு ஊத்திக்காதேன்னு நான் அப்பவே சொன்னேன், கேட்டாரா?"ன்னு அவ தலையில அடிச்சுக்கிட்டா. அந்த நேரத்துல அவளுக்கு வெளக்கம் சொல்ல எனக்குப் பொறுமையும் இல்ல, நேரமும் இல்ல.

ஆம்புலன்ஸ்ல சென்னைக்குப் போனோம். எதிர்ல பஸ் பஸ்ஸா ஜனம் திருவண்ணாமலைக்கு வந்துக்கிட்டு இருக்கு. நாங்க மட்டும் ஊரை விட்டுப் போறோம். இவரு உக்காந்தபடியே என் தோள் மேல கவுந்துட்டாரு. வேர்வை பிசுபிசுன்னு கொட்டுது. கண்டக்டரு புத்தி எங்க போவும், திண்டிவனத்துல டிரைவரைப் பாத்து, "பைபாஸ்ல போப்பா, உள்ள போனா மாட்டிக்குவ"ன்னாரு. எனக்கு அழுகை வந்துடுச்சு.

அங்க போனதும் நெஞ்சுல ஊசியை எறக்கி, ட்யூபு வெச்சு, தண்ணியை உறிஞ்சினாங்க. ஒரு பையில செம்மண்ணு கரைச்ச மாதிரி எறங்கிச்சு. எறங்க எறங்க அவருக்கு மூச்சு வந்துச்சு. தலகாணி மேல சாய்ஞ்சு கண்ணை மூடினாரு. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. டாக்டரம்மா வந்து, "ஹார்ட்டுக்கு மேல மெல்லிசா ரெண்டு மடிப்புல ஒரு உறை இருக்கும்மா. அதுக்கு நடுவுலதான் நீர் சேந்துடுச்சு. ஹார்ட் சதைக்கு ஒண்ணும் ஆவல, அந்த மட்டும் நல்லது"ன்னாங்க.

"எதனாலம்மா இப்பிடி ஆச்சு?"

"ரெண்டுல ஒண்ணு. கேன்சரே அங்க பரவியிருக்கலாம். இல்லன்னா, நாம போட்ட மருந்தால எதிர்ப்பு சக்தி அளவு மீறிப் போயி, கட்டியோட சேத்து அந்த உறையையும் தாக்கியிருக்கலாம். தண்ணியை டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கோம். வந்தாத் தெரியும்."

ரிசல்ட் வர்ற வரைக்கும் நான் பட்ட பாடு இருக்கே, அது எந்த எதிரிக்கும் வேணாம். ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு சின்ன பிள்ளையாரு. அவர் முன்னாடி போயி நின்னா, எதைக் கேக்கறதுன்னே தெரியல. கேன்சர் பரவியிருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டா, அப்ப ஊசிதான் காரணம்னு ஆவும், ஊசியை நிறுத்திடுவாங்க. ஊசி காரணமா இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டா, கேன்சர் நெஞ்சு வரைக்கும் வந்துடுச்சுன்னு ஆவும். இத்தனை வருஷம் அண்ணாமலையாரு காலடியில குடியிருந்துட்டு, ஒரு வேண்டுதலைக் கூட உருப்படியா வைக்க முடியல. "எனக்குக் கேக்கத் தெரியலப்பா. நீங்களே அப்பனும் புள்ளையுமாப் பேசி ஒரு முடிவுக்கு வாங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். கோவத்துலதான் சொன்னேன்.

தண்ணியில கேன்சர் இல்ல. ஊசிதான். நர்ஸ் பொண்ணு சிரிச்ச மொகமா வந்து சொல்லிச்சு. நாத்தனாருக்குப் போன் பண்ணினா, அவ ஊர்ல தேங்கா ஒடைக்கறேன்னு குதிக்கறா.

"ஊசியை நிறுத்திட்டாங்கம்மா. எதிர்ப்பு சக்தி ஜாஸ்தியாப் போயி அவரு நெஞ்சையே தாக்கிடுச்சாம். இப்ப அதைக் குறைக்கறதுக்கு மாத்திரை குடுக்கறாங்க."

"ஜாஸ்தியானா நல்லதுதானே அண்ணி? அதைப் போயி யாராவது கொறைப்பாங்களா?"

நான் போனை வெச்சுட்டேன்.

அந்த மாத்திரை ஸ்டீராய்டு. வீட்டுக்கு வந்ததும் அவருக்கு அகோரப் பசி. இட்லிப் பானையை எறக்க எறக்கக் காலியாவும். தூக்கம் கெடையாது. தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சு விழுவாரு. சக்கரை ஏறிப் போச்சுன்னு அதுக்கு ஒரு ஊசி, அதை நானே வயித்துல குத்தணும். மொகம் உப்பி வட்டமாயிடுச்சு. தெருவுல பாக்கறவங்கல்லாம், "சார் தெளிஞ்சிட்டாரே, எதிர்ப்பு சக்தி ஊசியா?"ன்னு கேக்கறாங்க. இவரு ஆமான்னு தலையாட்டறாரு. எனக்குச் சிரிக்கவும் தெம்பில்ல, திட்டவும் தெம்பில்ல. சோத்தை வடிச்சுக் கொட்டினேன், மாத்திரையை எடுத்துக் குடுத்தேன், மாடி ரூமைப் பெருக்கினேன். தீபமும் போச்சு, பொங்கலும் போச்சு.

கொஞ்சம் கொஞ்சமா மாத்திரையைக் கொறைச்சு, ஒரு வழியா நிறுத்தினாங்க. எக்கோவுல நீர் இல்ல. ஸ்கேன்ல கட்டி சுருங்கின அளவுலயே இருக்கு, வளரல. அன்னைக்கு டாக்டரம்மா எங்க ரெண்டு பேரையும் உக்கார வெச்சுப் பேசினாங்க. "இப்பிடியே விட்டுட்டு ஸ்கேன் பாத்துக்கிட்டே இருக்கலாம். கட்டி சும்மா இருந்தாலும் இருக்கும், திரும்ப வளந்தாலும் வளரும். இல்லன்னா, ஹார்ட் டாக்டரோட சேந்து ஜாக்கிரதையா அதே மருந்தைத் திரும்ப ஆரம்பிக்கலாம். கட்டிக்கு நல்லது. ஆனா மறுபடி நீர் கோக்கலாம், கோக்காமலும் போலாம். இதுதான் சரின்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியல. நீங்க என்ன நெனைக்கறீங்க?"

இவரு தரையைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. அந்தம்மா என்னைப் பாத்தாங்க. அந்த ட்யூபும் பையும், ஆம்புலன்ஸ்ல வேர்த்த வேர்வையும் என் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு.

"வேணாம்மா. போதும். திரும்ப ஒரு தடவைன்னா என்னால ஆவாது"ன்னேன்.

"ஐயா நீங்க?"

"அவ சொல்றதுதாங்க"ன்னாரு.

சாயங்காலம் பஸ்ஸு ஏறினோம். திண்டிவனம் தாண்டற வரைக்கும் அவரு ஜன்னல் பக்கம் மொகத்தைத் திருப்பிக்கிட்டே வந்தாரு. தூங்கறாருன்னு நெனைச்சேன். செஞ்சிக்கிட்ட வந்தப்ப மெதுவா, "நான் வேணும்னு சொல்லணும்னுதான் வந்தேன்"னாரு.

"என்னது?"

"ஊசி. திரும்ப போட்டுக்கறேன்னு சொல்லலாம்னு இருந்தேன். நெஞ்சு என்ன ஆனாலும் பரவால்ல, இன்னும் கொஞ்ச நாளு இருக்கணும்னு ஆசையாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏங்க வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தீங்க?"

"நீ ஆவாதுன்னியே. உன்னைத் திரும்பிப் பாத்தேன். ரொம்பக் களைச்சுப் போயிட்ட. சரி, இவளை இதுக்கு மேல படுத்தக் கூடாது, இத்தோட போதும்னு உட்டுட்டேன்."

கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு தடவை கூட நான் அவரை மரியாதை இல்லாமப் பேசினதில்ல. அன்னைக்குப் பேசினேன். "யோவ், உனக்கு அறிவிருக்கா? நான் களைச்சுப் போனா ஒரு தூக்கம் போட்டு எழுந்திருப்பேன்யா. நீ போயிட்டா நான் எத்தனை தூக்கம் போட்டா சரியாவும்?"

பஸ்ல எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. பாக்கட்டும். அவரு என் கையைப் புடிச்சுக்கிட்டு, "கத்தாதடி. சரி, அந்தம்மாவுக்குப் போன் போட்டு வேணும்னு சொல்லு"ன்னாரு.

"நான் சொல்ல மாட்டேன். கேன்சர் உனக்கு, ஊசி உனக்கு. உன் வாயாலயே சொல்லு"ன்னு போனை அவரு கையில வெச்சேன்.

கண்ணாடியைத் தேடி மாட்டிக்கிட்டு, நம்பரை எடுத்துப் போட்டு, கண்டக்டரு குரல்ல பஸ்ஸு பூரா கேக்கற மாதிரி பேசினாரு. "அம்மா, நான் திருவண்ணாமலையிலேர்ந்து காலையில வந்தேனே, நுரையீரல் கேன்சர் பேஷண்ட்டு, இம்யூனோதெரபி. எனக்கு அந்த ஊசி வேணும்மா."